லயத்துக் கூரையும் பணிக்கொடையும்

இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும், பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதியிலும் தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இவற்றில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கங்காணிகளால் தமிழகச் சமவெளிகளிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். காடு திருத்தித் தோட்டமாக்கிய இம்மக்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலமும் இல்லை; சொந்த வீடும் இல்லை. தோட்ட நிருவாகம் அளித்த லயமே அவர்களது இருப்பிடம்.

உழைக்கும் காலம் முடிந்ததும் அந்த இருப்பிடம் என்னவாகும் என்பது இம்மலைகளில் ஒவ்வொரு குடும்பமும் எதிர்நோக்கும் வினா. முதுமைக்கென்று வகுக்கப்பட்ட நலப்பயன், கூரையைக் காக்கப் பயன்படுகிறதா, கூரையை விட்டு வெளியேற்றும் கருவியாகிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

வேலையோடு பிணைந்த வீடு

லயம் என்பது ஒரே நீண்ட கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகளின் தொகுதி. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்புறம் ஒரு சிறு திண்ணை என்பதே பெரும்பாலான வீடுகளின் அமைப்பு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் வீடு அளித்துப் பராமரிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. வீடு இடிந்து உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. இச்சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துடன் இணைக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு: வாடகைச் சுமை இல்லை. ஒரு பெருங்குறையும் உண்டு: வேலை இருக்கும் வரையில்தான் வீடு. ஓய்வு பெறும் நாளில் கூலியும் நிற்கிறது. குடியிருக்கும் உரிமையும் முடிகிறது. ஆகவே, படித்து வேறு தொழிலுக்குச் செல்ல விரும்பும் மகனோ மகளோ, வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே தோட்டப் பேரேட்டில் பெயர் பதிந்துகொள்ளும் நிலை பல குடும்பங்களில் காணப்படுகிறது. அத்தகைய வாரிசு இல்லாதவர்களுக்கும், துணையை இழந்து தனித்து நிற்கும் மூதாட்டிகளுக்கும் இந்த வழியும் அடைபட்டுள்ளது.

பிணைப்பொருளாகும் பணிக்கொடை

ஓய்வு பெறும் தொழிலாளி புதிதாக ஒரு கூரையைத் தேட அவர் கையில் உள்ள பெருந்தொகை பணிக்கொடை ஒன்றே. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்துவதாக இருந்தது. நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் கூலி என்பது கணக்கு. நாளொன்றுக்கு 450 ரூபாய் கூலி பெற்று 30 ஆண்டுகள் உழைத்தவருக்கு 2,02,500 ரூபாய் சேரும். தொகை உரியதான 30 நாட்களுக்குள் அதை வழங்கவேண்டும். தாமதித்தால் வட்டியும் சேர்க்கவேண்டும். இந்த அடிப்படை விதிகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளன.

நடைமுறையோ வேறு. லயத்தைக் காலி செய்தால்தான் பணிக்கொடை என்ற நிபந்தனை தோட்டப் பகுதிகளில் நெடுங்காலமாக நிலவிவருகிறது. பணம் வந்தால்தான் வேறு வீடு பார்க்க இயலும். வேறு வீடு பார்த்தால்தான் பணம் வரும். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் பணமும் இன்றி, உரிமையும் இன்றி, பழுதுற்ற லயத்திலேயே காலந்தள்ளுகின்றனர். 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டில் சில தோட்டங்கள் மூடப்பட்டபோது நிலைமை மேலும் சீர்கெட்டது. அங்கே பணிக்கொடை தரவும் ஆளில்லை. கூரையைச் செப்பனிடவும் ஆளில்லை.

சட்டத்தின் இருமுகம்

பணிக்கொடையைக் கடனுக்காகப் பறிமுதல் செய்ய இயலாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளித்தது. குடியிருப்பை ஒப்படைக்கவில்லை என்பதற்காகப் பணிக்கொடையை நிறுத்திவைக்கக் கூடாது என்னும் கருத்தைக் கேரள உயர்நீதிமன்றம் 1996இல் திருவிதாங்கூர் பிளைவுட் நிறுவன வழக்கில் ஏற்றது. ஆயினும், குறித்த காலத்துக்கு மேல் குடியிருப்பில் தங்கிய ஊழியரிடமிருந்து வரவேண்டிய தண்ட வாடகையைப் பணிக்கொடையில் கழித்துக்கொள்ளலாம் என்று 2020 டிசம்பரில் இந்திய உருக்கு ஆணைய வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் கூறியது. எனவே, வழக்குமன்றத்தை மட்டும் நம்பி முதிய தொழிலாளி நிம்மதியாக இருக்க இயலாது. முன்கூட்டியே வகுக்கப்பட்ட நிருவாக ஏற்பாடு ஒன்று தேவைப்படுகிறது.

பிற இடங்களின் அனுபவம்

நலப்பயனையும் வாடகையையும் இணைக்கும் முறை வேறு நாடுகளில் நேர்மாறான நோக்கத்துடன் செயல்படுகிறது. பிரிட்டனில் வீட்டு வாடகைக்கான அரசு உதவி பொதுவாகக் குடியிருப்பவரிடமே தரப்படுகிறது. ஆனால் வாடகை இரண்டு மாத அளவுக்கு நிலுவையானாலோ, பணத்தைக் கையாள இயலாத நலிந்த நிலையில் ஒருவர் இருந்தாலோ, அத்தொகையை வீட்டு உரிமையாளருக்கே நேராகச் செலுத்த வழியுண்டு. அங்கே பணம் உரிமையாளரிடம் செல்வது குடியிருப்பவர் வெளியேற்றப்படாமல் இருப்பதற்காக. இங்கே பணம் நிறுத்திவைக்கப்படுவது அவர் வெளியேறுவதற்காக.

நேர்முறைச் செலுத்தலில் ஓர் இடரும் உண்டு. வாடகை தவறாமல் வந்துசேரும் என்றால், ஒழுகும் கூரையைச் செப்பனிட உரிமையாளருக்கு அவசரம் இராது. அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய வாடகை உதவித் திட்டம் இதற்கு ஒரு மாற்று கண்டது. குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகையாகத் தருகிறது. மீதியை அரசு முகமை உரிமையாளருக்கு நேராகச் செலுத்துகிறது. அதற்குமுன் வீடு வாழத்தக்கதா என்று பரிசோதிக்கப்படுகிறது. குறைகள் களையப்படாவிடில் பணம் நிறுத்தப்படும்.

கேரளத்துக்கும் வாடகை உதவி புதிதன்று. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவுக்குப் பின், வீடிழந்த குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை வாடகை அளிக்க மாநில அரசு முன்வந்தது. பேரிடரில் இயன்றது முதுமையிலும் இயலவேண்டும்.

மலைத் தோட்டங்களுக்கு ஏற்ற வழி

முதலாவதாக, பணிக்கொடை எந்த நிபந்தனையும் இன்றி 30 நாட்களுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் சேரவேண்டும். வீட்டைப் பற்றிய கணக்கு தனியே தீர்க்கப்பட வேண்டியது.

இரண்டாவதாக, ஓய்வு பெற்றவரோ இறந்தவரின் துணைவரோ மாற்று வீடு கிடைக்கும் வரை, குறிப்பிட்ட காலத்துக்கு லயத்திலேயே தங்க எழுத்து வடிவில் அனுமதி பெறவேண்டும். அதற்கென ஒரு சிறு கட்டணம் விதிக்கப்பட்டால், மாதந்தோறும் இன்ன தொகையைத் தோட்டக் கணக்கில் செலுத்துக என்று ஓய்வூதியர் தம் வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம். இது அவருடைய விருப்பத்தின் பேரில் அமைந்து, வேண்டும்போது அவரே நிறுத்தக்கூடியதாக இருத்தல் அவசியம். நிலுவை என்ற சொல்லே எழாதபோது, வெளியேற்ற அறிவிப்புக்கும் தண்ட வாடகைக்கும் இடமிராது.

மூன்றாவதாக, கட்டணத்துக்கு வரம்பு வேண்டும். சேமநிதி ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். கேரளத்தின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2025 நவம்பரில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. இத்தொகைகளிலிருந்து வாடகைக்கென மிகுதியாகப் பிடித்தால் கூரை நிலைக்கும், அடுப்பு எரியாது. பற்றாக்குறையை அரசு ஏற்பதே முறை.

நான்காவதாக, வாழத்தகாத வீட்டுக்குக் கட்டணம் கூடாது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் இராசமலை அருகே பெட்டிமுடியில் மண்சரிவு லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டனர். சுவரும் கூரையும் மட்டுமன்றி, லயம் நிற்கும் சரிவும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

இவையனைத்தும் இடைக்கால ஏற்பாடுகளே. வீடற்றோருக்காகக் கேரள அரசு 2016இல் அறிவித்த லைஃப் திட்டம் போன்றவற்றின் வாயிலாக நிலமும் வீடும் கிடைப்பதே நிலையான தீர்வு. அதுவரை, வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்த கைகளுக்கு உரிய பணம், அவர்களை வாசலுக்கு வெளியே தள்ளும் கோலாக மாறாமல் காப்பது நிருவாகத்தின் கடமையாகும்.