பர்கர்னா யாரு தெரியுமா?



பர்கர் என்றதும் பேக்கரி ஞாபகம்தானே வருது? ஆனால் அந்தப் பெயரில் ஒரு மக்களே இருக்கிறார்கள். இலங்கையில் வாழும் பர்கர்கள். தமிழில் பறங்கியர் என்பார்கள்.

இது டச்சு மொழிச் சொல். 'பர்க்' என்றால் கோட்டை, கோட்டையுள்ள நகரம். 'எர்' என்பது நம்ம 'காரர்' மாதிரி. ஆக, பர்கர் என்றால் ஊர்க்காரர்! பிறகு குடிமகன் என்ற பொருளும் வந்தது. தின்கிற பர்கரும் இதற்குச் சொந்தம்தான். ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் நகரத்தின் பெயரால் வந்தது ஹாம்பர்கர். அதைச் சுருக்கி பர்கர் ஆக்கிட்டாங்க.

டச்சுக்காரர்கள் 1656-இல் கொழும்பையும், 1658-இல் யாழ்ப்பாணத்தையும் நம்ம தூத்துக்குடியையும் பிடித்தார்கள். (நாம சொல்ற 'துட்டு' கூட அவர்களுடைய 'டூயிட்' என்ற காசுதான்!) இலங்கையில் கம்பெனி வேலையில் இல்லாமல் நகரத்தில் குடியிருந்தவர்களை பர்கர் என்றார்கள். 1796-இல் ஆங்கிலேயர் வந்த பிறகு, போர்த்துகீசியர், டச்சுக்காரர் வழிவந்த எல்லோருக்கும் அதுவே பெயராகி விட்டது. மட்டக்களப்பில் தமிழ் பேசும் பர்கர்களும் உண்டு.

1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. ஆங்கிலம் பேசிய பர்கர்கள் பலர் ஆஸ்திரேலியா போய் விட்டார்கள். 'ஊர்க்காரர்' என்று பெயர் உள்ளவர்களே ஊரை விட்டுப் போனார்கள். இதைப் படித்ததும் எனக்கு என் ஞாபகம் வந்தது.

எங்க அப்பா எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்க இங்கே வந்தவர். நாங்கள் இருப்பது வாடகை வீடு. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பிள்ளை, "நீ எங்க ஊர்க்காரி இல்ல, பிழைக்க வந்தவ" என்று சொல்லிட்டா. அன்னைக்கு ராத்திரி அழுதேன்.

இப்போ அவளுக்குப் பதில் கிடைச்சிருச்சு. நம்ம புளியங்குடி பெயரிலேயே 'குடி' இருக்கு. குடி என்றால் வாழும் இடம், வாழும் மக்கள். குடியிருப்பு, குடிமகன், குடியரசு எல்லாம் அதில் வந்ததுதான். புதுசா ஒரு வீட்டுக்கு வந்தால் என்ன சொல்றோம்? "குடி வந்திருக்காங்க" என்றுதானே!

அப்போ குடி வந்தவங்களும் இந்த ஊர்க் குடிதான். நானும் புளியங்குடிக்காரிதான்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி