குடிசைக்கு மாற்றாகக் கான்கிரீட் கூரை

வறிய குடும்பங்களின் வீடுகளை மழையிலிருந்தும் தீயிலிருந்தும் காக்க அரசு நிதி வழங்கும் ஏற்பாடுகளுள் ஒன்று, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டமாகும். 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 இலட்சம் வீடுகள் கட்டிக் குடிசையில்லா நிலையை எட்டுவதை நோக்கமாகக் கொண்ட இத்திட்டத்தில், குடிசையில் வாழ்பவரும் பட்டா, அதாவது நிலவுரிமைச் சான்று, உடையவருமான பயனாளிக்கு வீடு ஒன்றுக்கு 3.50 இலட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. வீட்டின் 360 சதுர அடிப் பரப்பில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளமும், எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரையும் அமையும்.

கீற்றைப்போல் ஒழுகாவிட்டாலும், கான்கிரீட் தளம் பகல் வெப்பத்தை உள்வாங்கி இரவில் அறைக்குள் விடுவதால், மொட்டைமாடியில் சுண்ணாம்போ வெண்ணிறப் பூச்சோ அடித்து வெயிலைத் திருப்பியனுப்பும் ‘குளிர்கூரை’ முறை பயன் தரும்; தெலங்கானா அரசு 2023-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

திருவண்ணாமலை மாவட்ட ஊரக மக்கள் கனவு இல்லம் திட்டத்தின் விவரங்களுக்குத் தத்தம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தையோ, வேங்கிக்கால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர் கூட்டத்தையோ அணுகலாம்.