சாலைக்கும் வாட்டம் வேண்டும்

மரம் இறக்கவும் காட்டுத்தீயை அணைக்கவும் காட்டுக்குள் வண்டிப்பாதை வேண்டியிருக்கிறது. சரிவைக் குடைந்து பாதை போட்டதுமே, மலையிலிருந்து இறங்கும் மழைநீருக்கு அது குறுக்கே வந்துவிடுகிறது. அந்த நீரை ஓரிடத்தில் சேரவிடாமல் அவ்வப்போது இறக்கிவிடுவதில்தான் காட்டுச் சாலையின் ஆயுள் இருக்கிறது.

முதலில் வரைபடத்தில் சமஉயரக் கோடுகளைப் பார்த்து, மலைமுகட்டை ஒட்டி இடம் தேடுவார்கள். அங்கே கடக்க வேண்டிய ஓடைகள் குறைவு. ஓடைக்கரையையும் செங்குத்துச் சரிவையும் முடிந்தவரை தவிர்ப்பார்கள். பிறகு சரிவுமானியோடு காட்டில் நடந்து, நூறு மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஏறாதபடி வழி பார்த்து மரங்களில் வண்ண நாடா கட்டுவார்கள். புல்டோசர் வருவது அதற்குப் பிறகுதான்.

மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி அகலப்படுத்துவது வழக்கம். அந்த மண்ணுக்குள் அடிமரங்கள் புதைந்தால், அவை மக்கிய பிறகு சாலையோரம் உள்வாங்கும். செங்குத்துச் சரிவிலோ கொட்டிய மண் நிற்கவே நிற்காது. முழு அகலத்தையும் மலையிலேயே வெட்டி, மண்ணை லாரியில் அள்ளிப்போக வேண்டும்.

மொட்டைமாடிக்குக் கொத்தனார் வைப்பதுபோல, சாலைக்கும் பள்ளத்துப் பக்கமாக வாட்டம் வைப்பார்கள்: நான்கு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 15 செ.மீ. சக்கரத்தடம் ஆழமாகப் பதிந்தால் நீர் அதிலேயே ஓடும். அதனால் இடையிடையே சாலைக்குக் குறுக்கே அகலமான தாழ்வுகளும் வேண்டும்.

ஓடையைக் கடக்கும் இடம்தான் பெரிய கண்டம். ஓடைநீர் போகச் சாலைக்கடியில் குழாய் பதிப்பார்கள்; பெருமழையில் கட்டையும் கல்லும் வந்து அதன் வாயை அடைத்துவிடும். சாலை அங்கிருந்து ஒரே இறக்கமாகப் போனால், ஓடை தடம் மாறிச் சாலையோடு ஓடி, எங்கோ தள்ளிப்போய்ச் சரிவை அறுத்துக்கொண்டு இறங்கும். குழாயை அடுத்து ஒரு தாழ்வு இருந்தால், நீர் சாலைமேல் வழிந்து மறுபடி அதே ஓடையில் விழும். சேதம் அந்த ஓரிடத்தோடு போகும்.

கலிபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்கா 1978இல் விரிவாக்கப்பட்டபோது, மரம் வெட்டிய நிலங்களோடு சுமார் 480 கி.மீ. பழைய லாரிச் சாலைகளும் சேர்ந்து வந்தன. சாலைகளிலிருந்தும் வெட்டிய சரிவுகளிலிருந்தும் கரைந்த மண் ரெட்வுட் ஓடையை மேடாக்கி, கரையோரத்து உயர்ந்த மரங்களுக்கே ஆபத்தாகியிருந்தது. பூங்காவினர் குழாய்களைப் பிடுங்கி, ஓடைகளை மூடிய மண்ணைத் தோண்டியெடுத்து, பல சாலைகளை மீண்டும் மலைச்சரிவாக்கினார்கள். போட்ட சாலையைக் கலைப்பதற்கும் பெரும் செலவு பிடிக்கிறது. தற்காலிகச் சாலை என்றால், அதை மூடும் செலவையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுவது நல்லது.