கறுப்புப் புள்ளியா... கவரை மூடுங்க சார்!

லேப் வாசலிலேயே கவரைப் பிரித்துப் படிப்பது நம்ம தேசிய குணம். அதிலும் 'போன் ஸ்கேன்' ரிப்போர்ட் என்றால் கேட்கவே வேண்டாம். 'இடது விலாவில் அப்டேக் அதிகம்' என்று ஒரு வரி, படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான்... பஸ்ஸிலேயே மனுஷன் உயில் எழுத ஆரம்பித்துவிடுகிறான்!

கொஞ்சம் பொறுங்க. அந்தப் புள்ளி என்னதான் சொல்லுது?

கையில் போடும் ஊசியில் இருப்பது டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கச் சரக்கு. ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதைப் பாஸ்பேட்டோடு சேர்த்து எலும்பைப் படம் பிடிக்கலாம் என்று 1971-ல் எழுதியவர்கள் சுப்ரமணியன், மக்காஃபி என்ற இருவர். (ஆமாம், சுப்ரமணியனேதான்!) எலும்பு எங்கே மும்முரமாகப் புதுசாகக் கட்டப்படுகிறதோ, அங்கே மருந்து அதிகம் சேரும். படத்தில் அந்த இடம் கறுப்பு.

ஆக, 'இங்கே கொத்தனார் வேலை நடக்குது' என்பதோடு சரி. எதுக்காக என்று புள்ளி சொல்லாது!

போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்தீங்களா? அந்த விலா இன்னமும் கறுப்பாகக் காட்டலாம். அடுத்தடுத்த விலாக்களில் கோலப்புள்ளி மாதிரி வரிசையாக இருந்தால் டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான். தேய்ந்த மூட்டு, எலும்பில் சீழ், சமீபத்தில் பிடுங்கின பல்... எல்லாமே புள்ளி வைக்கும். போலீஸ் செலக்‌ஷனுக்காகத் திடுதிப்பென்று ஓட ஆரம்பித்த பையனுக்கு, எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாத நூலிழை விரிசல்கூட இதில் பளிச். ராத்திரியானால் வலி, ஆஸ்பிரின் போட்டால் அடங்குது என்கிற வாலிபருக்கு 'ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா' என்ற சாதுக் கட்டியாக இருக்கலாம். சில சமயம் ஒண்ணுமே இருக்காது. மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். பாத்ரூம் போனபோது வேட்டியில் ரெண்டு சொட்டு... தொடையில் 'புள்ளி'!

அப்போ கேன்சர்? இருக்கலாம், மறைப்பானேன். ஏற்கெனவே புராஸ்டேட், நுரையீரல், மார்பகப் புற்று உள்ளவருக்கு முதுகு, விலா, இடுப்பு என்று இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பல புள்ளிகள் வந்தால் விஷயம் சீரியஸ். ஒற்றைப் புள்ளி என்றால் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. என்று பார்த்து, அப்பவும் சந்தேகம் தீராவிட்டால் பயாப்ஸி.

இதுக்கு நேரெதிர் கூத்தும் உண்டு. மைலோமா என்ற புற்று எலும்பை அரிக்கும். ஆனால் கட்டுகிற வேலை நடக்காது. அதனால் ஸ்கேன் 'நார்மல்' என்றே வரலாம். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைதான் அதைப் பிடிக்கும். வலி விடவில்லை என்றால் மறுபடி டாக்டரிடம் போங்க.

போகும்போது, பரணில் பழைய எக்ஸ்ரே கிடந்தால் தூசி தட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. என்றைக்கோ உடைந்த விலா அதிலேயே இருந்தால், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.