பாசிக்குள்ளே ஒரு உருண்டை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலம் உண்டு. இன்று அந்த ஏரிகளைப் பார்த்து, "பாசி புடிச்ச தண்ணி" என்று முகம் சுளிக்கிறோம். அந்தப் பச்சைக்குள் நடக்கும் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம்.

பயிர்கள் கரியமில வாயுவைப் பிடிப்பது ரூபிஸ்கோ என்ற புரதத்தால். அது ரொம்ப மந்தம். நொடிக்குச் சுமார் மூன்று மூலக்கூறுதான். போதாததற்கு ஆள் தெரியாமல் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். நெல்லுக்கு இதனால் நஷ்டம்.

கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் பாசி இதற்கு வழி வைத்திருக்கிறது. ரூபிஸ்கோவைப் பைரினாய்டு என்ற உருண்டையில் திரட்டி வைக்கிறது. எபிக்1 என்ற புரதம்தான் கோத்துப் பிடிக்கும் நூல், 2016இல் கண்டறிந்தார்கள். உருண்டைக்குச் சவ்வு கிடையாது; தண்ணீரில் எண்ணெய்த் துளி மாதிரி நிற்கும். பாசி, பைகார்பனேட்டை உள்ளே இழுத்து, அங்கே கரியமில வாயுவாக மாற்றிவிடுகிறது. சுற்றிலும் அதுவே நிறைந்திருந்தால் ரூபிஸ்கோ ஏமாறுவது குறையும்தானே?

இந்தப் பாசியின் உறவுக் கூட்டத்தைச் சென்னையிலிருந்தே ஆராய்ந்தவர் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963).

இப்போது இந்த உருண்டையை மரபணு மாற்றிப் பயிருக்குள் வைக்க ஆய்வு நடக்கிறது. வந்தால் விதை யார் கையில் இருக்கும்? நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

வயலில் வரும் நீலப்பச்சைப் பாசியும் இதே வேலையை, புரதக்கூடு கட்டிச் செய்கிறது. அதில் பல இனங்கள் காற்றிலிருந்து தழைச்சத்தும் பிடித்துத் தரும். அசோலா இலைக்குள் குடியிருப்பதும் அதுதான். காசு கேட்பதில்லை. ஏரியில் சாக்கடை கலந்தால் மட்டும் அளவு மீறிப் பெருகி, அழுகி, மீனைக் கொல்லும். குற்றம் பாசி மேல் இல்லை, நம் மேல்.