3 தடவை தோற்றவர் கவர்னர் ஆனார்! கோவை "சி.பி.ஆர்." கடந்து வந்த பாதை

சி.பி.ராதாகிருஷ்ணன் என்று முழுப் பெயரைச் சொன்னால் சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் சிலர் கொஞ்சம் யோசிப்பார்கள். "சி.பி.ஆர்." என்று சொன்னால் போதும். "அட, நம்ம பழைய எம்.பி.ங்களா!" என்று உடனே புரிந்துகொள்வார்கள்.

சிங்காநல்லூரையும் சேர்த்ததுதான் கோவை பாராளுமன்றத் தொகுதி. இங்கே அவர் ஐந்து தடவை களம் கண்டார். ஜெயித்தது இரண்டு. தோற்றது மூன்று. அப்படியும் அவர் மூன்று மாநிலங்களின் ராஜ்பவன்களைப் பார்த்துவிட்டார்!

16 வயதில்...

1957-ல் திருப்பூரில் பிறந்தவர். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் படித்தார். டேபிள் டென்னிஸ் ஆட்டத்தில் கல்லூரி சாம்பியன். நீண்ட தூர ஓட்டத்திலும் கெட்டிக்காரர். அரசியலிலும் அவருக்கு நீண்ட ஓட்டமே வாய்த்தது.

16 வயதிலேயே ஆர்.எஸ்.எஸ். தொண்டர். 1974-ல் ஜனசங்கத்தின் மாநில செயற்குழு உறுப்பினர். திராவிடக் கட்சிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஜனசங்கத்தில் சேர்ந்தால் பதவி வரும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 1996-ல் பாரதீய ஜனதாவின் மாநிலச் செயலாளர் ஆனார்.

குண்டு வெடித்த நகரம்

1997 நவம்பரில் கோவையில் ஒரு போலீஸ்காரர் கொலை செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். அடுத்து 1998 பிப்ரவரி 14. அத்வானி பேச இருந்த நாள். நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் பலி. 200-க்கும் மேற்பட்டோர் காயம்.

அந்த ரணம் ஆறும் முன்பே தேர்தல் வந்தது. அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற சி.பி.ஆர். 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்ததற்குக் குண்டுவெடிப்பு அனுதாபமா, கூட்டணி பலமா என்ற பேச்சு கோவையில் வெகுகாலம் ஓயவில்லை.

அடுத்த ஆண்டே வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. 1999-ல் மறுபடியும் தேர்தல். இந்தத் தடவை பாரதீய ஜனதா தி.மு.க. பக்கம்! எதிரே இந்திய கம்யூனிஸ்டு தலைவர் நல்லகண்ணு. மில் தொழிலாளர் நிறைந்த தொகுதியில் கடும் போட்டி. ஆனாலும் சி.பி.ஆர். 50 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். பஞ்சாலை ஊரின் எம்.பி.க்கு ஏற்றபடி பாராளுமன்றத்தின் ஜவுளித்துறைக் குழுத் தலைவர் பதவியும் கிடைத்தது.

சறுக்கல்

2004-ல் காற்று மாறியது. கம்யூனிஸ்டு சுப்பராயனிடம் தோல்வி. கட்சியின் மாநிலத் தலைவராக இருந்தபோது 93 நாள், 19 ஆயிரம் கிலோ மீட்டர் ரத யாத்திரை போனார். நதிகளை இணைக்க வேண்டும், தீண்டாமை ஒழிய வேண்டும், பொது சிவில் சட்டம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்.

2014-ல் இரண்டு பெரிய திராவிடக் கட்சிகளும் துணைக்கு இல்லை. அ.தி.மு.க.வின் நாகராஜனிடம் 42 ஆயிரம் ஓட்டில் தோற்றார். 2019-ல் மார்க்சிஸ்டு பி.ஆர்.நடராஜனிடம் மறுபடியும் தோல்வி. இடையில் 2016 முதல் 2020 வரை கொச்சியில் கயிறு வாரியத் தலைவர் வேலை.

"இனி அவ்வளவுதான்" என்று பலர் கணக்கை முடித்தார்கள். கட்சி முடிக்கவில்லை.

ராஜ்பவன் கதவு

2023 பிப்ரவரியில் ஜார்கண்டு கவர்னர். 2024 மார்ச்சில் தெலுங்கானா, புதுச்சேரி கூடுதல் பொறுப்பு. அதே ஆண்டு ஜூலை 31-ல் மராட்டிய கவர்னர். அந்த நாற்காலியில் 1990 முதல் 1993 வரை இருந்தவரும் கொங்குக்காரர்தான்: பொள்ளாச்சி சீமையின் சி.சுப்பிரமணியம்!

கவர்னர் பதவிக்கு ஜனங்கள் ஓட்டுப் போடுவதில்லை. ஜனாதிபதி நியமிப்பார், அதற்கு மத்திய அரசின் சிபாரிசு வேண்டும். அதனால் கட்சிக்காரர்களைக் கவர்னர் ஆக்கலாமா என்ற கேள்வி காங்கிரஸ் காலத்திலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

2025 ஜூலையில் ஜெகதீப் தன்கர் ராஜினாமா செய்ததால் துணை ஜனாதிபதி நாற்காலி காலியானது. செப்டம்பர் 9-ந்தேதி எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள். சி.பி.ஆருக்கு 452, எதிர்த்து நின்ற சுதர்சன் ரெட்டிக்கு 300. 12-ந்தேதி நாட்டின் 15-வது துணை ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார்.

கோவை ஓட்டுச்சாவடியில் கடைசியாக மூடிய கதவு, டெல்லி ஓட்டுச்சாவடியில் திறந்தது!