கடமலைக்குண்டுப் பகுதியில் தென்னை உர மேலாண்மை

கடமலைக்குண்டு, தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் மூல வைகை ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் ஆகும். மயிலாடும்பாறை, வருசநாடு ஆகிய ஊர்களும் இதே பள்ளத்தாக்கில் உள்ளன. தென்னை, இலவம், மா, முந்திரி, காய்கறிகள் ஆகியவை இங்குப் பயிராகின்றன. அண்டையில் உள்ள கம்பம் பள்ளத்தாக்குக்கு 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் கிடைக்கிறது. மூல வைகையோ மழையை நம்பிய ஆறு. ஆண்டின் பல மாதங்கள் வறண்டு கிடக்கும். ஆகவே இங்கு உர மேலாண்மை என்பது நீரைக் காக்கும் வேலையும் ஆகும்.

மரம் எடுத்துக்கொள்வது என்ன?

தென்னை ஆண்டு முழுவதும் பாளை விட்டுக் காய்க்கும் மரம். எனவே அது மண்ணிலிருந்து சத்துகளை இடைவிடாமல் எடுக்கிறது. தழைச்சத்து ஓலை வளர்ச்சிக்கும், மணிச்சத்து வேர் வளர்ச்சிக்கும், சாம்பல்சத்து காய்ப்பிடிப்புக்கும் பருப்பின் பருமனுக்கும் உதவுகின்றன. இவற்றுள் தென்னைக்கு மிகுதியாகத் தேவைப்படுவது சாம்பல்சத்து. யூரியாவை மட்டும் இட்டால் ஓலை பசுமையாகத் தெரியும், காய் பெருகாது. எந்தச் சத்து மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையை முடிவு செய்கிறது என்பது 19ஆம் நூற்றாண்டில் செருமானிய வேதியியலாளர் லீபிக் பரப்பிய விதி ஆகும்.

உர அளவு

ஐந்தாம் ஆண்டு முதல் நெட்டை இரக மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, மியூரேட் ஆப் பொட்டாஷ் 2 கிலோ இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இரசாயன உரங்களை இரண்டாகப் பிரித்து, ஆனி–ஆடியில் ஒரு பாதியும் மார்கழி–தையில் மறுபாதியும், மண்ணில் ஈரம் இருக்கும்போது இட வேண்டும். மரத்திலிருந்து 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்திக்குள் தூவி, கொத்தி, நீர் பாய்ச்ச வேண்டும். அடிமரத்தை ஒட்டி உரத்தைக் குவிப்பது வீண்.

25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரங்கள் வரும். அதற்கான கணக்கு:

யூரியா: 70 × 1.3 = 91 கிலோ (45 கிலோ மூட்டை இரண்டு)
சூப்பர் பாஸ்பேட்: 70 × 2 = 140 கிலோ
பொட்டாஷ்: 70 × 2 = 140 கிலோ
தொழுவுரம்: 70 × 50 = 3,500 கிலோ

முதல் மூன்றும் கடையில் கிடைக்கும். நான்காவதைத் திரட்டுவதுதான் கடினம்.

தொழுவுரமும் மலைமாடும்

தேனி மாவட்டத்தில் மலைமாடு வளர்ப்போர் தம் மந்தைகளை வயல்களில் கிடை போடுவது பழைய வழக்கம். சாணமும் கோமியமும் நேரே நிலத்தில் சேர்வதால் வண்டிக்கூலி இல்லை. இம்மாடுகளின் மேய்ச்சல் மலைக்காட்டைச் சார்ந்தது. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலிகள் காப்பகங்களில் கால்நடை மேய்ச்சலுக்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. காடு அழிந்தால் வைகையின் ஊற்று வற்றும். மேய்ச்சல் குறைந்தால் எரு குறையும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதால், எருவுக்கு மாற்று வழிகளைத் தோட்டத்துக்குள்ளேயே தேடுவது அவசியமாகிறது.

தோட்டத்திலேயே கிடைக்கும் உரம்

பசுந்தாள் உரம்: சணப்பு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி ஆகியவற்றை மழைக்காலத்தில் விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துகின்றன.

மூடாக்கு: பாத்தியில் 100 மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி பரப்பலாம், அல்லது காய்ந்த ஓலைகளைப் பரப்பலாம். ஈரம் காக்கப்படும், மட்கியபின் உரமாகும். மட்டையையும் ஓலையையும் எரிப்பது சாம்பல் தவிர மற்ற பயன்களை இழப்பதாகும்.

உயிர் உரம்: அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஒவ்வொன்றும் 50 கிராம் எடுத்து, மட்கிய எருவுடன் கலந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேர்ப்பகுதியில் இடலாம். இரசாயன உரத்துடன் கலக்கக் கூடாது.

சொட்டு நீர்ப்பாசனம்: நீரும் உரமும் வேருக்கு அருகில் சேரும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு.

பலன் தெரியும் காலம்

தென்னம்பாளையின் கரு, பாளை வெடிப்பதற்கு ஏறத்தாழ 32 மாதங்களுக்கு முன்பே உருவாகிறது. வெடித்தபின் காய் முற்ற 11 முதல் 12 மாதங்கள் ஆகும். ஆகவே இவ்வாண்டு இடும் உரத்தின் முழுப் பயன் மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் தெரியும். விலை வீழ்ந்த ஆண்டில் உரத்தை நிறுத்துபவர் உடனே நட்டம் காண்பதில்லை. பின்னாளில் குறையும் காய்களுக்கு மழையையே காரணமாகக் கொள்ள நேர்கிறது.

மண் பரிசோதனை

மேற்சொன்னவை பொதுப் பரிந்துரைகள். மண்ணில் ஏற்கெனவே உள்ள சத்தை அறிந்தால் அளவைக் குறைக்கலாம், செலவும் குறையும். தேவைக்கு மேல் இட்ட யூரியா மழையில் கரைந்து கிணற்று நீரில் நைட்ரேட்டாகச் சேரக்கூடும். மூல வைகை சேரும் வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. அதன் நீர் மதுரை வரை குடிநீராகச் செல்கிறது. மேல்மடையில் அளவறிந்து உரமிடுவது கீழ்மடையில் குடிப்போருக்கும் நன்மையாகும்.